யத்தா என்றால் ரயில்தானே?

பர்மாவின் மாண்டலேயிலிருந்து 67 கிலோமீட்டர் மலையேறி மேமியோவில் இறங்கியபோது மாலை நான்கு மணி. ஊரின் இன்றைய பெயர் பியின் ஊ லுவின். ரங்கூனில் பிறந்து வளர்ந்த பெரியப்பாவின் வாயில் அது நுழைவதில்லை. மே என்ற ஆங்கிலேயக் கர்னலின் பெயரை வைத்து வந்த மேமியோதான் அவருக்கு.

அவர் படுத்துவிட்டார். தாவரவியல் பூங்காவுக்கு எப்படிப் போவது என்று விடுதிப் பையனிடம் கையை ஆட்டிக் கேட்டேன். "யத்தா" என்றான். அந்தச் சொல் எனக்குத் தெரியும், ரங்கூனிலேயே கற்றுக்கொண்டது. ரயில்! விசாரித்து விசாரித்து நிலையத்துக்கே நடந்துவிட்டேன். கவுண்டரிலிருந்த பெண்ணிடம் பூங்காவுக்கு டிக்கெட் கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"அவன் சொன்னது மியின் யத்தாடா, குதிரை வண்டி" என்றார் பெரியப்பா மறுநாள் காலை. மியின் என்றால் குதிரை. யத்தா வேறொன்றுமில்லை, நம் ரதம்தான். ரயில் வந்தபோது பர்மியர் அதை மீ யத்தா, அதாவது நெருப்பு ரதம் என்றார்கள். பேச்சில் நெருப்பு உதிர்ந்து ரதம் மட்டும் நின்றுவிட்டது. இலங்கைத் தமிழர் புகையிரதம் என்கிறார்களே, அதற்கு அண்ணன் முறை. பழைய கோயில்களுக்குப் பேர்போன பாகான் ஊரில் இதே யத்தாவைத் தேடினால் கிடைக்காது. அங்கே ஓடுவது மியின் ஹ்லே. இரண்டு சக்கரம், மேலே கூரை, காலை நீட்டி உட்கார வேண்டும். மேமியோ வண்டிக்கு நான்கு சக்கரம், கதவு, ஜன்னல், நீலமும் சிவப்புமாகப் பூச்சு.

இதைத்தான் பெரியப்பா 'காரி' என்கிறார், அந்தக் கால ரங்கூன் வழக்கம். எனக்குக் குதிரை வண்டி என்றாலே ஜட்கா. "ஜட்காவுக்கு ஏது நாலு சக்கரம்?" என்று மடக்கினார். ஆங்கிலேயரும் இதில் யோக்கியமில்லை. பக்கி (buggy) என்கிற குதிரை வண்டிக்கு இங்கிலாந்தில் இரண்டு சக்கரம், அமெரிக்காவில் நான்கு.

எங்களை ஏற்றிக்கொண்டவர் நேபாள வம்சாவளிக்காரர். குதிரை குட்டையானது, கழுத்து மணி சற்றுப் பெரியது. குதிரை பக்கவாட்டில் பார்க்காமல் மறைக்கிற கண்பட்டையை அருகில் பார்த்தேன். பழைய தோல்; ஓரம் பிய்ந்த இடத்தில் மீன்பிடி நரம்பால் நெருக்கமாகத் தைத்திருந்தார். இதற்கும் இங்கிலாந்தில் பிளிங்கர், அமெரிக்காவில் பிளைண்டர். அவர் கையிலிருந்த வாரைக் காட்டி, "கடிவாளத்தை லேசாகத்தான் பிடிக்கிறார்" என்றேன்.

"அது லகான். கடிவாளம் குதிரையின் வாய்க்குள் இருக்கிற இரும்பு" என்றார் பெரியப்பா.

ஊரில் தாத்தா இரண்டையும் சேர்த்தே கடிவாளம் என்பார். பூங்கா வாசல்வரை இந்த வழக்கு ஓடியது. வண்டிக்காரர் பெரியப்பாவிடம் பர்மிய மொழியில் ஏதோ கேட்டார். "நாம் வாடகையைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்று நினைத்துவிட்டார், தம்பி" என்றார் பெரியப்பா. பேசிய தொகைக்கு மேல் கொஞ்சம் கொடுத்துவிட்டே இறங்கினோம்.

மூன்றாம் நாள் திரும்புகிற பயணத்துக்கு டிக்கெட் எடுக்க அதே நிலையம், அதே பெண். இம்முறை தவறக்கூடாது என்று, "மீ யத்தா, மாண்டலே" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டிரெயினா?" என்றாள்.