பால்துரையின் மருந்துச் சீட்டு

முதலில் போட்ட ஊசி என்ன ஊசி என்று எழுதி வாங்காமல் வந்துவிட்டேன். அந்த ஒரு தப்பால் எங்கள் நாய் பால்துரைக்கு வேண்டிய ஒரு வலி மருந்து ஒரு வாரம் தள்ளிப்போனது. நாய் வளர்ப்பவர்கள் மிச்சத்தைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பால்துரை ராஜபாளையம் ஜாதி. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. “துரை மாதிரில்லா நடக்கான்” என்று சொல்லி அப்பா வைத்த பெயர். அப்பா இப்போது இல்லை. பால்துரைக்குப் பிறவியிலேயே காது மந்தம். அந்த ஜாதியில் அது உண்டு. கூப்பிட வேண்டுமென்றால் தரையில் ரெண்டு தட்டுத் தட்ட வேண்டும். அதிர்வு தெரிந்து தலையைத் தூக்குவான். 8 வயது, 32 கிலோ. சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர். கன்னடியன் கால்வாய்க் கரையில் காலையும் மாலையும் ஓடித் திரிந்தவன்.

ஆனிக் கடைசியில் இடது முன்னங்காலை லேசாக நொண்டினான். கார் நடவு நேரம். வரப்பில் எங்காவது காலை மடக்கியிருப்பான் என்று விட்டுவிட்டோம். பத்து நாளில் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு வீக்கம், நெல்லிக்காய் அளவுக்கு. தொட்டால் சுட்டது. ராத்திரி முழுக்க அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருப்பான். நக்கி நக்கி வெள்ளை ரோமம் பழுப்பேறிவிட்டது. ஆனால் ஒரு நாளும் அழவில்லை. அழவில்லை என்பதால் வலியில்லை என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம். ராத்திரி உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவதும், இடம் மாறி மாறிப் படுப்பதும், சோற்றை முகர்ந்துவிட்டுப் போவதும்தான் நாயின் அழுகை என்று பின்னால்தான் தெரிந்தது.

திருநெல்வேலியில் ஒரு கிளினிக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். காலை ரெண்டு அமுக்கு அமுக்கிவிட்டு “சுளுக்குதான்” என்றார். எக்ஸ்ரே பேச்சே இல்லை. ஒரு ஊசி. சீட்டில் தேதியும் ரூபாயும் மட்டும் இருந்தன. மூன்றாம் நாள் பால்துரை ஓடினான். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். ஒரு வாரத்தில் நொண்டல் திரும்பி வந்தது. இரண்டாவது ஊசி. மறுபடி நாலு நாள் நன்றாக இருந்தான். அப்புறம் வீக்கம் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது.

இதற்கிடையில் என் மாமா, நல்ல எண்ணத்தில்தான், தன் முட்டு வலிக்கு வைத்திருந்த டைக்ளோபினாக்கில் பாதியை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார். ரெண்டு நாளில் தார் மாதிரி கறுப்பாக மலம் போனான். அது வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளம். மனுஷர் போடும் டைக்ளோபினாக், ஐபுப்ரோபன், பாராசிட்டமால் எதையும் டாக்டரைக் கேட்காமல் நாய்க்குக் கொடுக்காதீர்கள். சிரப் என்றால் இன்னும் கவனம். சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த மருந்து நாய்க்கு விஷம்.

அன்றைக்கே கிளினிக்குக்குப் போன் போட்டேன்.

“என்ன ஊசி போட்டீங்க சார்?”

“வலி ஊசிதான்.”

“அதுக்குப் பேரு இருக்கும்லா சார்?”

“பேரத் தெரிஞ்சுகிட்டு நீங்க என்ன செய்யப் போறீங்க?”

என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கும் அப்போது தெரியாது. போனை வைத்துவிட்டேன்.

அதற்குமேல் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதென்று முடிவானது. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். லோடு ஆட்டோ பிடித்தோம். மெத்தை விரித்து, காலைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து, பேட்டை வழியாக மேடு பள்ளமெல்லாம் இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தால், முதல் கேள்வி: “காலையில சாப்பாடு கொடுத்தீங்களா?”

கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள். “கொஞ்சூண்டு தயிர்ச் சோறுதாம்மா. அவ்வளவு தூரம் வயித்துப் பசியோட எப்படி அனுப்ப?”

அசையாமல் படம் எடுக்க மயக்க ஊசி போட வேண்டும். வயிற்றில் சோறு இருந்தால் வாந்தி எடுத்து நுரையீரலுக்குள் போய்விடும். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஆட்டோ வாடகை போனது போகட்டும், அந்தக் காலோடு அவனை ரெண்டு முறை குலுக்கினோமே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. திரும்பி வரும் வழியெல்லாம் நான் அம்மாவோடு பேசவில்லை. கிளம்புமுன் போன் போட்டுக் கேட்டிருந்தால் தீர்ந்தது.

மறுநாள் படம் எடுத்தார்கள். வீக்கத்தில் ஊசியை விட்டுத் திசுவும் எடுத்தார்கள். அது சட்டென்று முடிந்தது. முடிவு வந்ததும் அந்தப் பெண் டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டினார். கறையான் அரித்த உத்திரம் பார்த்திருக்கிறீர்களா, அப்படி இருந்தது எலும்பு. ஓரத்தில் பஞ்சு பிரிந்த மாதிரி ஒரு வெள்ளை. மூட்டுக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தது. ஆஸ்டியோசர்கோமா, எலும்புப் புற்று. பெரிய ஜாதி நாய்களுக்கு அதிகம் வருமாம். முன்னங்காலில் முழங்கைக்குத் தள்ளியும், பின்னங்காலில் முட்டியை ஒட்டியும் வருவது வழக்கமாம்.

நெஞ்சு எக்ஸ்ரே மூன்று கோணத்தில் எடுத்திருந்தார்கள். ஒரு கோணம் மட்டும் எடுத்தால் கீழ்ப்பக்கம் அமுங்கும் நுரையீரலில் இருக்கும் கட்டி தெரியாமல் போகும் என்பதால் மூன்றையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் படம் சுத்தமாக இருந்தது. நான் முகம் மலர்ந்ததைப் பார்த்து டாக்டர் மெதுவாகச் சொன்னார்: “படத்துல தெரியலங்கிறதால இல்லன்னு நெனச்சுராதீங்க. இந்த வியாதியில பத்துல ஒம்பது நாய்க்கு, கண்டுபிடிக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத அளவுல பரவியிருக்கும்.”

காலை எடுத்தால் வலி போகும். அதோடு விட்டால் பொதுவாக நாலைந்து மாதம். எடுத்துவிட்டு கார்போபிளாட்டின் மாதிரி புற்றுநோய் மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று நாலிலிருந்து ஆறு தடவை ஏற்றினால் பத்து மாதம், ஒரு வருஷம். அதைத் தாண்டும் நாய்களும் உண்டு, கொஞ்சம். மூன்று காலில் நாய் நன்றாகவே நடக்கும் என்றும் சொன்னார். ஆனால் நாயின் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் விழுகிறது. பால்துரைக்குப் பின் இடுப்பு ரெண்டும் முன்பே பலவீனம். ஒற்றை முன்னங்காலில் அவன் நிற்பான் என்று அவருக்கே நம்பிக்கையில்லை. எடுக்க வேண்டாம் என்றோம். பணத்துக்காகவா என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் பணத்துக்காகவும்தான்.

சரி, வலிக்கு மருந்து ஆரம்பிக்கலாம் என்று பேனாவை எடுத்தவர் கேட்டார்: “முன்னால என்ன ஊசி போட்டாங்க?”

இங்கேதான் மாட்டினோம். ரெண்டே நாளில் நொண்டல் போய் ஒரு வாரத்தில் திரும்பியது என்றால் அது ஸ்டீராய்டாக இருக்கலாம் என்றார். ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைக் கொடுத்தால் வயிற்றில் புண் விழும். ஏற்கனவே கறுப்பாகப் போயிருக்கிறான். பெயரும் அளவும் தெரிந்திருந்தால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லியிருப்பார். தெரியாததால் ஒரு வாரம் மெலாக்சிகாமைத் தள்ளிவைத்தார். வயிற்றுப் புண் ஆற மருந்து எழுதிவிட்டு, வலிக்குக் கபாபென்டினும் ட்ரமடாலும் எழுதிக் கொடுத்தார்.

சீட்டில் நோயாளி பெயர்: பால்துரை. வயது: 8.

முதல் மெடிக்கலில் சீட்டைப் பார்த்த பெண் பதறிவிட்டாள். “எட்டு வயசுப் பையனுக்கா ட்ரமடால் எழுதியிருக்காங்க?” பையன் இல்லை, நாய் என்றதும் சீட்டை ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல நுனியில் பிடித்துத் திருப்பித் தந்தாள். இரண்டாவது கடையில் இல்லை என்றார்கள். ஊருக்குத் திரும்பி, அம்மாவுக்கு வழக்கமாகச் சுகர் மாத்திரை வாங்கும் கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, நாய் பேருல சீட்டக் கொண்டாந்தா நான் நோட்டுல யாரு பேர எழுத? நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து யாருவே இந்தப் பால்துரைன்னு கேட்டா, கூட்டிட்டு வந்து நிறுத்துவீரா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ட்ரமடால், கண்காணிப்போடு விற்க வேண்டிய மருந்துகளின் எச்-1 அட்டவணையில் இருக்கிறது. யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2018-இல் அதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். கடைக்காரர் பயப்படத்தான் செய்வார். சீட்டில் வளர்ப்பவர் பெயர், முகவரி, ‘நாய்’ என்ற சொல், டாக்டரின் பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுமுன் பார்த்துவிடுங்கள். எங்களுக்குப் பதிவு எண் மட்டும் விட்டுப்போயிருந்தது. மறுபடி 20 கிலோமீட்டர், இந்தத் தடவை பைக்கில், அவனில்லாமல். சாயங்காலம் அதே கடைக்கார அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் சிவப்பு அட்டை நோட்டை எடுத்து, ‘பால்துரை (நாய்)’ என்று எழுதி மாத்திரையைக் கொடுத்தார்.

அன்று ராத்திரி பால்துரை காலை நீட்டிப் படுத்துத் தூங்கினான். குறட்டை விட்டான். அம்மாவும் நானும் விளக்கை அணைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதற்கப்புறம் மூன்று மாதம் ஓடியது. டைல்ஸ் தரையில் சாக்கு விரித்தோம், சாக்கு வழுக்கியது. பிறகு சைக்கிள் டியூபை வெட்டி அடியில் தைத்ததும் நின்றது. திண்ணையிலிருந்து குதிக்கவே கூடாது, அரித்த எலும்பு மளுக்கென்று போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால் படியில் பலகை சாய்த்தோம். கால்வாய்க்கரைக்கு வேறு வழியில்லாமல் உரமூட்டை தள்ளும் வண்டியில் வைத்துக் கொண்டுபோவேன். “சவம், நாய்க்கு வந்த வாழ்வப் பாரு” என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவன் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து, துரை மாதிரிதான் பார்த்துக்கொண்டு வருவான்.

தீபாவளிக்கு முந்தின நாள் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, பலகையில் இறங்காமல் பக்கவாட்டில் இறங்கிவிட்டான். சத்தம் எனக்கே கேட்டது. அன்றைக்குத்தான் முதல் முறையாக அழுதான்.

நாலு டாக்டர்களுக்குப் போன் போட்டேன். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் “நாயைக் கொல்ற வேலைக்கு நான் வாரதில்ல” என்றார். ஒருவர் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார். நாலாமவர், பக்கத்து ஊர்ப் பையன், படித்து முடித்து ரெண்டு வருஷம்தான் இருக்கும், காலையில் வருகிறேன் என்றார். அதுவரை கொடுக்க வேண்டிய மாத்திரை அளவைப் போனிலேயே சொன்னார். வந்தபோது பத்து மணி. பதினாலு மணி நேரம். வியாதி உறுதியான அன்றே, நாய் நன்றாக வாலாட்டிக்கொண்டிருக்கும்போதே, கடைசியில் வீட்டுக்கு யார் வருவார் என்று கேட்டுப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அபசகுனம் என்று நான் தள்ளிப்போட்டேன்.

ஊரெல்லாம் வெடிச் சத்தம். அவனுக்கு அது கேட்கவில்லை. பையன் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முதலில் தூக்க ஊசி, அது ஏறின பிறகு மயக்க மருந்தை அளவுக்கு மேல் நரம்பில் ஏற்றுவேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “பேசுங்கண்ணே அவங்கிட்ட” என்றார். காது கேட்காது தம்பி என்றேன். அவன் தலைக்குப் பக்கத்தில் தரையில் விரலால் ரெண்டு தட்டுத் தட்டினேன். தலையைத் தூக்க முடியவில்லை. வால் மட்டும் சாக்கில் ஒரு தடவை புரண்டது.

மருந்து உடம்பிலேயே நிற்கும், வேறு நாயோ பறவையோ தின்றால் அதுவும் சாகும், ஆழமாகப் புதையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மாமாவும் நானும் தென்னந்தோப்பில், கால்வாயிலிருந்து தள்ளி, ஐந்தடி தோண்டினோம். மாமா கடப்பாரையை யாரிடமும் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் அம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போனேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் குனிந்து சிவப்பு நோட்டை எடுத்து விரித்தார்.

“அது வேண்டாம் அண்ணாச்சி” என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டை மூடினார். “அம்மாவுக்கு ஒரு மாசத்துக்கா, ரெண்டு மாசத்துக்கா?” என்று கேட்டார்.