கட்டுரை அனுப்பிய கதை: நூலகர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும்

நூலகத்தில் வேலை செய்பவருக்கு ஆய்விதழில் கட்டுரை போடுவது கைவந்த கலை என்று பலர் நினைக்கிறார்கள். தேடிக் கொடுப்பது வேறு, எழுதி அனுப்பி வெளியிடுவது வேறு. நான் யாழ்ப்பாணத்தில் உதவி நூலகர். மாணவர்கள் மின்னிதழ்களை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று சக நூலகர் ஒருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை இப்போது வெளியாகிவிட்டது. அதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் தலையிடி இதழைத் தெரிவுசெய்வது. மாநாடு ஒன்றில் சுருக்கம் வந்ததுமே மின்னஞ்சல்கள் குவிந்தன. என்னைப் பேராசிரியர் என்று விளித்து, ஐந்து நாளில் மதிப்பாய்வு (துறை தெரிந்தவர்கள் வாசித்துக் கருத்துச் சொல்வது) முடித்துத் தருகிறோம், டொலரில் கட்டணம் அனுப்புங்கள் என்று. (ஐந்து நாளில் என் வீட்டுக்காரரே அதை வாசித்து முடிக்கமாட்டார்.) அந்தத் தளங்களில் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது தொடர் வெளியீட்டுக்கான அடையாள எண்தான், தரச்சான்று இல்லை. ஆய்விதழ்களைத் தெரிந்தெடுத்துப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸில் இருக்கிறோம் என்று சொன்னால் ஸ்கோபஸின் பட்டியலிலேயே தேடுங்கள், அதை இலவசமாகப் பார்க்கலாம். யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அத்தகைய இதழ்களின் இணையப் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யில் பாருங்கள். அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் தொகுத்த போலி இதழ்ப் பட்டியலை இன்றும் சிலர் பகிர்கிறார்கள். அவர் அதை 2017 இலேயே எடுத்துவிட்டார், உலாவுவது பிரதிகள்தான். நாங்கள் இலங்கை ஆய்விதழ்களைச் சேர்த்துவைத்திருக்கும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் சில இதழ்களின் பழைய கட்டுரைகளை வாசித்துப் பார்த்தபிறகுதான் எங்களுக்குப் பொருந்தும் உள்நாட்டு இதழ் எது என்று விளங்கியது.

அனுப்பும்போது, பல இதழ்களில் எழுதியவர் யாரென்று மதிப்பாய்வாளருக்குத் தெரியக்கூடாது. பெயரை அழித்தால் போதாது. வேர்ட் கோப்பின் பண்புகளுக்குள் எழுதியவர் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கும், அதையும் நீக்கவேண்டும். "எமது நூலகத்தில்" என்ற இடங்களை "பல்கலைக்கழக நூலகம் ஒன்றில்" என்று மாற்றினோம்.

அப்புறம் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை, அப்பாவின் பெயர் முன்னால் வரும். படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். ஒரு கட்டுரையில் அப்பாவின் பெயர் முழுதாக, இன்னொன்றில் முதலெழுத்து மட்டும், அதுவும் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு வேறு என்றால், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகிள் ஸ்கொலரில் ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். ஆய்வாளர்களை அடையாளம் காட்ட 2012 இல் தொடங்கிய ஓர்கிட் என்ற அமைப்பு தரும் 16 இலக்க எண்ணை முதலிலேயே எடுத்து, ஒரே எழுத்துக்கூட்டலில் நின்றுவிடுங்கள். காசில்லை, சில நிமிட வேலை.

மதிப்பாய்வு வந்தபோது ஒருவர் மெல்லத் தட்டியிருந்தார், மற்றவர், நாங்கள் ஆய்வுக்கு மாணவர்களைத் தெரிவுசெய்த முறையையே பிய்த்திருந்தார். கோபம் ஆறும் வரை பதில் எழுதவில்லை. பிறகு மூன்று நிரலில் அட்டவணை போட்டோம்: அவர் சொன்னது, நாங்கள் செய்தது, பக்க எண். உடன்படாத இடத்தில் காரணத்தை மரியாதையாக எழுதினோம், அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசியில் பதிப்புரிமைப் படிவம். கையெழுத்து வைக்கமுன், ஏற்கப்பட்ட பிரதியை நிறுவனக் களஞ்சியத்தில் (எங்கள் பல்கலைக்கழகத்தவரின் ஆக்கங்களைச் சேர்த்துவைக்கும் இணையத் தளத்தில்) போடலாமா என்று இதழாசிரியருக்கு மெயில் போட்டோம். போடலாம் என்று பதில் வந்தது. இதை மட்டும் யாரும் கேட்பதேயில்லை. வெளியான பிறகு எங்களிடம் வந்து "தங்கச்சி, என்ர கட்டுரையைக் களஞ்சியத்தில போட்டுவிடும்" என்பார்கள், படிவத்தைத் தேடினால் எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.