ஃப்ரீசர்ல ஒரு வாரம்

28 ஏப்ரல் 2024, ஞாயிறு

காலைல ஃப்ரீசர திறந்தா கண்ணாடி பாட்டில் பொளந்து கெடக்கு. நைட்டு சீக்கிரம் கூல் ஆகட்டும்னு கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தி நாந்தான் வச்சேன், அப்படியே மறந்து தூங்கிட்டேன். "எவனாவது கண்ணாடி பாட்டில ஃப்ரீசர்ல வைப்பானால?"ன்னு அம்மா ஆரம்பிச்சவங்க மத்தியானம் வரைக்கும் நிறுத்தல. பாட்டில்தான் போச்சு, உள்ள இருந்த ஐஸ் பாட்டில் ஷேப்லயே கம்பீரமா நிக்குது. கழுத்துல இருக்குற தண்ணி முதல்ல கட்டியாகி கார்க் மாதிரி அடைச்சிருக்கும், கீழ மிச்சம் இருந்தது உறையும்போது போக வழியில்ல, கண்ணாடி விட்டுக்கொடுத்துருச்சு.

29 ஏப்ரல்

பிளாஸ்டிக் டப்பால 500 கிராம் தண்ணி அளந்து ஊத்தி ஸ்கெட்ச்ல கோடு போட்டு வச்சேன். சாயங்காலம் பாத்தா ஐஸ் கோட்டுக்கு மேல ஏறி நடுவுல புடைச்சிருக்கு, எடை போட்டா அதே 500. அப்ப கூடினது இடம் மட்டும்தான், சுமாரா 9 சதவீதம். தண்ணியா இருக்கும்போது மூலக்கூறுங்க டவுன் பஸ் கூட்டம் மாதிரி நெருக்கியடிச்சு நகந்துகிட்டே இருக்கும், ஐஸ் ஆனா ஒவ்வொண்ணும் நாலு பேர கைபிடிச்சு அறுகோணமா, நடுவுல ஓட்டை விட்டு நின்னுரும், அதான் இடம் பத்தல. மத்த பொருளெல்லாம் பெரும்பாலும் உறைஞ்சா சுருங்கும், தண்ணியோ 4 டிகிரி வரைக்கும் சுருங்கிட்டு அப்புறம் மனசு மாறி விரிய ஆரம்பிக்குது. ஐஸ் மிதக்குறதும் இதனாலதான். குளிர்காலத்துல காஷ்மீர்ல தால் ஏரி மேல உறைஞ்சாலும் அடில மீன் பிழைக்குதே, மேல மிதக்குற ஐஸ்தான் அதுக்குப் போர்வை.

1 மே

மாமா ஐஸ் பேக்டரில வேல பாக்காங்க. இப்ப மீன்பிடி தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது, வள்ளத்துக்கு, அதாவது சின்ன நாட்டுப்படகுக்கு மட்டும்தான் ஐஸ், அதனால கூட்டம் இல்லாம நிதானமா சுத்திக் காட்டுனாங்க. உள்ள போனதும் குளிரூட்டுற அமோனியா வாயுவோட வாடை மூக்குல ஏறுது. தரைனு நெனச்சு நடந்தது பூராம் மரப்பலகை, அதுக்கு அடில பெரிய உப்புத்தண்ணி தொட்டி, அதுல தகர கேன் வரிசையா முங்கிக் கெடக்கு. "உப்புத்தண்ணி ஏன் மாமா?"னு கேட்டா, "நல்ல தண்ணி ஊத்துனா தொட்டியே ஐஸ் பாராயிரும்ல"ன்னு சிரிக்காங்க. மைனஸ் 10 கிட்ட போனாலும் அந்த உப்புத்தண்ணி உறையாம சுத்திகிட்டே இருந்து கேனுக்குள்ள இருக்குற சூட்ட உறிஞ்சிரும். உறைஞ்ச கேன தூக்கி சும்மா தண்ணில ஒரு முக்கு முக்குனா பார் வழுக்கிட்டு வெளிய வருது.

பாரோட ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவுல மட்டும் வெள்ளையா ஒரு தண்டு. ஓரத்துல இருந்து உள்ள நோக்கி உறையுது, ஐஸ் வரிசைல காத்துக்கும் உப்புக்கும் சீட் கிடையாது, தள்ளித் தள்ளி கடைசில எல்லாம் நடுவுல போய் மாட்டிக்குது. உடனே குச்சி ஐஸ் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு உறிஞ்சுல கலரும் இனிப்பும் வாய்க்குள்ள வந்துரும், மிச்சம் கையில சப்புனு வெள்ளை ஐஸ். சின்ன வயசுல ஐஸ்காரர் ஏமாத்துறார்னு நெனச்சு சண்ட போட்டேன், பாவம் அந்த மனுசன்.

மீனுக்கு வெறும் குளிர்ந்த தண்ணி போதாதான்னு கேட்டதுக்கு மாமா சொன்ன பதில் "அது எவ்ளோ நேரம் தாங்கும்?", அவ்ளோதான். வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன். 0 டிகிரில இருக்குற 1 கிலோ ஐஸ் சும்மா உருகி 0 டிகிரி தண்ணி ஆகவே 80 கிலோகலோரி இழுக்கும். அதே சூடு அந்தத் தண்ணிய 0 டிகிரில இருந்து 80 டிகிரி வரைக்கும் கொண்டு போயிரும். உருகி முடியுற வரைக்கும் பெட்டிக்குள்ள சூடு ஏற விடாது, அதான் நடுக்கடல்ல நாள்கணக்கா மீன் கெடாம நிக்குது.

4 மே

இன்னிக்கு எதிர்பாக்காத ஒண்ணு. ரெண்டரை மணி நேரம் ஆடாம அசையாம ஃப்ரீசர்ல கெடந்த கேன் தண்ணி பாட்டில் உறையவே இல்ல, எடுத்து மேசைல டொக்குனு வச்சதும் மேல இருந்து கீழ வரைக்கும் வெள்ளை ஓடுச்சு! 0 டிகிரிக்கு கீழ போயும், முதல் ஐஸ் துளி உருவாக ஒரு சாக்கு கிடைக்காம தண்ணியாவே இருந்திருக்கு. பூரா கல்லாவும் ஆகல, கொழகொழன்னுதான் இருந்துச்சு. உறையுறப்ப வெளிய வர்ற சூடே அத மறுபடி 0 டிகிரிக்கு ஏத்தி விட்டுருது.

5 மே, ஞாயிறு

அம்மாகிட்ட அத காட்டலாம்னு மூணு பாட்டில் வச்சேன். ரெண்டு உள்ளேயே கல்லாயிருச்சு, ஒண்ணு எவ்ளோ தட்டியும் தண்ணியாவே இருக்கு. அம்மா ஒண்ணும் பேசல, மூணையும் வெளிய எடுத்து வச்சுட்டு சாளை மீன் டப்பாவ உள்ள தள்ளிட்டாங்க.