சின்சில்லாவுக்கு ஒரு கம்பிப் பெட்டி

போன மாதம் மருத்துவரிடம் போகும் வழியில் எங்கள் சின்சில்லா (அடர்ந்த மென்முடி கொண்ட, கொறிக்கும் சிறு விலங்கு) தன் பிளாஸ்டிக் கூடையின் மூலையைக் கொறித்து ஓட்டை போட்டுவிட்டது. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. விழுங்கிய துணுக்கு குடலை அடைத்திருந்தால்?

அன்றோடு பிளாஸ்டிக்கை விட்டேன். துணிப்பையும் வேண்டாம், அதையும் கடித்துக் கிழித்துவிடும். இப்போது வாங்கியிருப்பது கம்பிப் பெட்டி. தலை நுழையாத நெருக்கமான கம்பிகள், உறுதியான கொக்கி, கால் சிக்காத தட்டைத் தரை.

ஆனால் எனக்குப் பெரிய பயம் வெயில்தான். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் குளிருக்கென்றே உருவான உடல் அது. ஒரே மயிர்க்காலில் 50, 60 முடிகள் முளைக்கும். 25 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. அதனால் காரைக் குளிரவைத்த பிறகே பெட்டியை ஏற்றி, சீட் பெல்ட்டால் கட்டுகிறேன்.

நேற்று வழியெல்லாம் உலர்புல்லை மென்றுகொண்டே வந்தது, என் செல்லம்.