சொந்த மைதானம் இல்லாத நாட்டு அணி

2023 மார்ச் 11 அன்று ஃபிஜியின் லவுட்டோகா நகரில், ஆட்ட நேரம் முடிந்த பிறகு கெமு வலெட்டினி உதைத்த பெனால்டி கம்பங்களுக்கு நடுவே சென்றதும், ஃபிஜியன் ட்ருவா அணி 25-24 என்ற கணக்கில் நியூசிலாந்தின் க்ரூசேடர்ஸ் அணியை வென்றது. சூப்பர் ரக்பி போட்டியில் பத்துக்கும் மேற்பட்ட முறை பட்டம் வென்று, அப்போதும் நடப்பு வெற்றியாளராக இருந்த அணி க்ரூசேடர்ஸ். ட்ருவாவோ அந்தப் போட்டியில் சேர்ந்து இரண்டாவது பருவத்தை ஆடிக்கொண்டிருந்தது. ஃபிஜியின் பிற்பகல் நமக்குக் காலை நேரம் என்பதால், பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு சனிக்கிழமை இட்லியோடு இந்த ஆட்டங்களைப் பார்க்க எனக்கு வசதியாக இருக்கிறது. ஒரு நாடு தன் பெயரிலேயே ஓர் அணியை அமைத்து, வெளிநாட்டுக் கிளப்புகள் ஆடும் போட்டிக்குள் நுழையும்போது அந்த அணி நிலைப்பதும் நிலைக்காமல் போவதும் எதனால் என்ற கேள்வி சில ஆண்டுகளாக எனக்குள் இருந்துவருகிறது. அதை இங்கே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

ரக்பி நம் பக்கத்தில் அதிகம் ஆடப்படாத விளையாட்டு என்பதால் ஒரு சிறு விளக்கம் தேவைப்படலாம். பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம், முட்டை வடிவப் பந்து. பந்தைக் கையில் ஏந்தி ஓடி எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்தால் 5 புள்ளிகள், அதைத் தொடர்ந்து வரும் உதைக்கு 2, பெனால்டி உதைக்கு 3. 1995-இல் இந்த விளையாட்டு தொழில்முறையாக மாறியதும், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளும் தத்தம் மாகாண, வட்டார அணிகளைச் சேர்த்து 1996-இல் 12 அணிகளோடு சூப்பர் ரக்பியைத் தொடங்கின. நாளடைவில் அணிகளின் எண்ணிக்கை 14, 15 என்று பெருகி, 2016-இல் 18 ஆனது. அந்த ஆண்டில்தான் அர்ஜென்டினாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆளுக்கு ஓர் அணி வந்து சேர்ந்தது. மற்ற நாடுகளுக்கு ஐந்தாறு அணிகள் இருக்க, இவ்விரு நாடுகளுக்கும் நாடு முழுவதற்குமாக ஒரே அணிதான்.

ஜப்பானின் சன்வுல்வ்ஸ் கதை எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருவது. 2015 உலகக் கோப்பையில் பிரைட்டன் நகரில் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று ஜப்பான் வீழ்த்தியதை ரக்பி உலகம் நம்ப முடியாமல் பார்த்தது. அடுத்த ஆண்டே கிளப் போட்டியில் ஜப்பானுக்கு இடம் என்றதும் எதிர்பார்ப்பு கூடியதில் வியப்பில்லை. ஆனால் அந்த அணியை அமைத்த விதத்திலேயே கோளாறு இருந்தது. உள்ளூர் ஆட்டங்கள் டோக்கியோவில் சில, சிங்கப்பூரில் சில என்று பிரிக்கப்பட்டன. ஒரு முறை ஹாங்காங்கிலும் ஆடினார்கள். தொடக்கத்தில் அவர்கள் வைக்கப்பட்ட பிரிவு தென்னாப்பிரிக்க அணிகளோடு என்பதால், கண்டம் விட்டுக் கண்டம் பறந்து அலுத்தே பாதி வலு போயிற்று. ஜப்பானின் தேர்ந்த வீரர்கள் டொயோட்டா, பானசோனிக், சன்டோரி போன்ற நிறுவனங்களின் அணிகளில் சம்பளம் வாங்குபவர்கள். அவர்களுக்கு முதல் கடமை அந்த நிறுவன அணிதான். எனவே நாட்டின் பெயரைத் தாங்கிய அணிக்கு நாட்டின் சிறந்த பதினைந்து பேர் ஒரு நாளும் முழுமையாகக் கிடைக்கவில்லை. முதல் பருவத்தில் ப்ளூம்ஃபோன்டெய்ன் நகரில் சீட்டாஸ் அணியிடம் 92-17 என்று தோற்றதை நான் கேலியாகச் சொல்லமாட்டேன். அப்படி ஓர் ஏற்பாட்டில் வேறு எந்த அணி ஆடியிருந்தாலும் அதுவே நடந்திருக்கும். ஐந்து பருவங்களில் அவர்கள் பெற்ற வெற்றிகள் முறையே 1, 2, 3, 2, 1. 2020-க்குப் பிறகு இடமில்லை என்று 2019 மார்ச்சில் அறிவித்தார்கள். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜப்பான் தன் மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் வென்று முதல் முறையாகக் கால் இறுதிக்குச் சென்றது. வீரர்கள் இருந்தார்கள், பார்வையாளர்கள் இருந்தார்கள். அவ்விரு தரப்பையும் ஒரே இடத்தில் நிறுத்தத்தான் அந்த அணியால் முடியவில்லை.

அர்ஜென்டினாவின் ஜாகுவாரெஸ் இதற்கு நேர்மாறு. ஏறக்குறைய தேசிய அணியே புவனோஸ் ஐரிஸ் நகரின் வேலெஸ் சார்ஸ்ஃபீல்ட் கால்பந்து மைதானத்தைத் தன் வீடாக்கிக்கொண்டு ஆடியது. நான்காவது பருவமான 2019-இல் இறுதி ஆட்டம் வரை சென்று, க்ரைஸ்ட்சர்ச்சில் க்ரூசேடர்ஸிடம் 19-3 என்று தோற்றது. அடுத்த ஆண்டு கொரோனா வந்து எல்லைகள் மூடப்பட்டன; நான்கு கண்டங்களில் பரவியிருந்த போட்டி சிதறியது; வீரர்கள் ஐரோப்பாவுக்குப் பிழைக்கப் போனார்கள். நன்றாக ஆடிய அணி, ஆட இடமில்லாமல் முடிந்துபோனது.

இந்த இரண்டு அனுபவங்களுக்கும் பிறகு, 2022-இல் சூப்பர் ரக்பி பசிபிக் என்ற புதிய பெயரில் நியூசிலாந்தின் ஐந்து அணிகளும் ஆஸ்திரேலியாவின் ஐந்து அணிகளும் ஆடிய போட்டிக்குள் ஃபிஜியன் ட்ருவாவும் மோவானா பசிஃபிகாவும் சேர்க்கப்பட்டன. ட்ருவா திடீரென்று முளைத்த அணி அல்ல. 2017-இலிருந்தே ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் போட்டி ஒன்றில் ஆடி, 2018-இல் அதன் பட்டத்தையும் வென்றிருந்தது. ஃபிஜியின் மக்கள்தொகை சுமார் 9 லட்சம். தென்காசியைப் பிரிப்பதற்கு முந்தைய நம் திருநெல்வேலி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவு சிறிய நாடு 2016, 2021 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் எழுவர் ரக்பியில் தங்கம் வென்றது. 2016-இல் கிடைத்ததுதான் ஒலிம்பிக் வரலாற்றில் ஃபிஜியின் முதல் பதக்கம்.

திறமை அவ்வளவு இருந்தும் பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் ஃபிஜி பின்தங்கியதற்குக் காரணம், சம்பளம் கொடுக்கும் அணி நாட்டுக்குள் இல்லை என்பதே. பள்ளி முடித்த பையன்கள் பிரான்சுக்கோ இங்கிலாந்துக்கோ நியூசிலாந்துக்கோ போனார்கள். சிலர் அந்தந்த நாட்டுக்காகவே ஆடினார்கள். ஜோ ரொகோகோகோவும் சிதிவேனி சிவிவாட்டுவும் ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்து தேசிய அணியின் கறுப்புச் சட்டையில் புகழ் பெற்றவர்கள். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையோடு வளர்ந்த பையன்கள் வேலைக்காக ரயில்வேக்கும் சென்னை அலுவலகங்களுக்கும் போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஊரில் மைதானம் இருக்கும். மாதச் சம்பளம் வேறு ஊரில் இருக்கும்.

முதல் பருவத்தில் ட்ருவாவுக்கும் சொந்த வீடு கிடைக்கவில்லை. தொற்றுக் கட்டுப்பாடுகளால் ஆஸ்திரேலியாவின் லெனக்ஸ் ஹெட் என்னும் கடலோரச் சிற்றூரில் குடும்பங்களைப் பிரிந்து தங்கியிருந்தார்கள். முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் வாரடாஸ் அணியிடம் 40-10 என்று தோல்வி. அந்தப் பருவத்தில் மொத்தமே இரண்டு வெற்றிகள்தான். ஆனால் 2022 ஏப்ரல் 30 அன்று முதல் முறையாகத் தலைநகர் சுவாவில் ஆடியபோது ஹைலேண்டர்ஸிடம் 27-24 என்றும், பின்னர் லவுட்டோகாவில் சீஃப்ஸிடம் 35-34 என்றும் மயிரிழையில்தான் தோற்றார்கள். வெளியே நாற்பது புள்ளி வாங்கிக்கொண்டு வந்த அதே அணி, உள்ளூர் வெயிலில் நியூசிலாந்து அணிகளுக்கு மூச்சு வாங்க வைத்தது. 2023-இல் க்ரூசேடர்ஸை அடுத்து ஹரிகேன்ஸை 27-24 என்றும், கடைசிச் சுற்றில் ரெட்ஸை 41-17 என்றும் உள்ளூரில் வென்று கால் இறுதிக்கு முன்னேறினார்கள். அங்கே, குளிர்ந்த க்ரைஸ்ட்சர்ச்சில், மார்ச் மாதத்தில் தாங்கள் வென்ற அதே க்ரூசேடர்ஸிடம் 49-8 என்று நொறுங்கினார்கள். 2024-இலும் கால் இறுதி வரை. 2025-இல் அதுவும் இல்லை. வெளியூரில் பெற்ற வெற்றிகள் மிகச் சில. இதை அணியின் பலவீனமாகவே எழுதுகிறவர்கள் உண்டு. என் பார்வையில், உள்ளூரில் ஆடும்போது இவ்வளவு வேறுபாடு தெரிகிறது என்பதே அந்த அணி எந்த மண்ணில் நிற்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

இதன் பலன் தேசிய அணியிலும் தெரிந்தது. 2023 ஆகஸ்டில் லண்டனின் ட்விக்கனம் மைதானத்தில் இங்கிலாந்தை 30-22 என்று வென்ற ஃபிஜி, உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை 22-15 என்று தோற்கடித்தது. அந்நாட்டுக்கு எதிராக 1954-க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது. அந்தக் குழுவில் ட்ருவாவில் வாராவாரம் சேர்ந்து ஆடிய வீரர்கள் பலர் இருந்தார்கள். ட்ருவாவின் முதல் இரு பருவங்களுக்குப் பயிற்சியாளராக இருந்த மிக் பைர்ன் பின்னர் ஃபிஜி தேசிய அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவர் இளமையில் ஆடியது ரக்பி அல்ல, ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து என்பது ஒரு வேடிக்கை.

ஆண்கள் அணியைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டேன். உண்மையில் வந்த வேகத்தில் பட்டம் வென்றது பெண்கள் அணிதான். ஃபிஜியானா ட்ருவா 2022-இல் ஆஸ்திரேலியாவின் சூப்பர் டபிள்யூ போட்டியில் சேர்ந்த முதல் பருவத்திலேயே ஓர் ஆட்டமும் தோற்காமல் கோப்பையை எடுத்தது. 2023-இல் மீண்டும் வென்றது. அதற்கு உரிய இடத்தை விளையாட்டுப் பக்கங்கள் கொடுக்கவில்லை.

லவுட்டோகாவின் கதையில் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. சர்க்கரை நகரம் என்று அறியப்படும் அந்த ஊரின் சர்க்கரை ஆலை 1903-இல் இயங்கத் தொடங்கியது. சென்னைத் துறைமுகம் வழியாகத் தென்னிந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஃபிஜிக்குப் போகத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அவர்களும் அவர்களின் வழிவந்தோரும் 1926-இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை அமைத்துப் பள்ளிகளும் கோயில்களும் நடத்திவருகிறார்கள். ஆனால் இந்திய வம்சாவளியினரின் விளையாட்டு பெரும்பாலும் கால்பந்துதான். ட்ருவாவின் வீரர் பட்டியலில் அவர்களுடைய பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நாட்டின் பெயரைத் தாங்கிய அணி என்று சொல்லும்போது, அந்த நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மைதானத்துக்குள் இல்லாமல் பார்வையாளர் வரிசையில் மட்டும் இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதற்கு அணி நிர்வாகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. பள்ளிகளிலேயே பிரிந்துபோன வழக்கம் அது.

கூடவே சேர்ந்த மோவானா பசிஃபிகாவை எடுத்துக்கொண்டால், சமோவா, டோங்கா ஆகிய நாடுகளின் மக்களை முன்னிறுத்திய அந்த அணி ஆக்லாந்தைத் தளமாகக் கொண்டு இயங்கியது. தீவுகளில் ஆடிய ஆட்டங்கள் அபூர்வம். ஆக்லாந்தில் அத்தீவு மக்கள் திரளாக வாழ்கிறார்கள் என்ற நியாயம் உண்டு. இருந்தாலும் சமோவாவின் தலைநகர் அப்பியாவில் வளரும் ஒரு சிறுவனுக்கு அது தொலைக்காட்சி அணியாகத்தான் இருந்தது.

சொந்த மண்ணில் ஆடினால்தான் ஓர் அணி அந்த ஊருக்குச் சொந்தமாகிறது. நம் ஊர் அனுபவமும் எனக்கு இதையே சொல்கிறது. தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் 2016-இல் முதல் கோப்பையை வென்ற தூத்துக்குடி அணி, பிற்பாடு சேலத்தின் பெயருக்கு மாறிப்போனது. காஞ்சியின் பெயரில் இருந்த அணி நெல்லை ராயல் கிங்ஸ் ஆக 2021-இல் நம்மிடம் வந்தது. பெயர்ப்பலகை மாற்றம் என்றுதான் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023-இல் இறுதி ஆட்டம் சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்திலேயே நடந்தபோது கதை வேறு. கோவையிடம் 104 ரன் வித்தியாசத்தில் தோற்ற ஆட்டத்தைக்கூட இங்கே இன்னும் ‘நம்ம டீம் தோத்த மேட்ச்’ என்றுதான் பேசுகிறார்கள்.

2025 ஜூனில் இந்தியாவில் தொடங்கிய எழுவர் ரக்பி பிரீமியர் லீக்கில் ஃபிஜி வீரர்களும் ஆடினார்கள். ஆறு அணிகளில் சென்னை புல்ஸ் முதல் பட்டத்தையே வென்றது. இறுதி ஆட்டத்தில் டெல்லியை 41-0 என்று வீழ்த்தியது. அத்தனை ஆட்டங்களும் மும்பையில், ஒரே மைதானத்தில் நடந்தன. பட்டம் வென்ற அணியின் ஊரில் ஓர் ஆட்டம்கூட இல்லை. செலவு கருதி முதல் ஆண்டில் அப்படிச் செய்ததைப் புரிந்துகொள்கிறேன். வரும் பருவங்களில் ஒன்றிரண்டு ஆட்டங்களாவது சென்னை நேரு விளையாட்டரங்குக்கு வருமானால், முந்தின இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுவதற்கு என்னைத் தவிரவும் இங்கே நாலு பேர் இருக்கிறார்கள்.