டென்டல் ஸ்கூலுக்கு முன்னால் ஒரு வருஷம்: நான் முடிவெடுத்த விதம்

கல்லூரி மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து, வரும் ஜூனில் நான் டென்டல் ஸ்கூலுக்கு விண்ணப்பித்தால் அதில் என்னவெல்லாம் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஒரு சி கிரேடு. பல் மருத்துவர் கூடவே நின்று பார்த்தது 34 மணி நேரம். இன்னும் எழுதாத டிஏடி, அதாவது டென்டல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு. என்னை முகம் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஒரு அறிவியல் பேராசிரியர். கேப் இயர் எடுக்கலாமா, அதாவது கல்லூரி முடித்து ஒரு வருஷம் கழித்து டென்டல் ஸ்கூலில் சேரலாமா வேண்டாமா என்று அதற்கு முந்தைய இரண்டு மாதமும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்டுக் குழம்பிக்கொண்டிருந்தேன், அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் கேள்வியே எனக்குப் பிடிபட்டது.

அமெரிக்காவில் இதன் காலக்கணக்கு அப்படி. கல்லூரி முடித்த கையோடு டென்டல் ஸ்கூலில் சேர வேண்டுமென்றால், மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையிலேயே ஆட்சாஸ் என்கிற பொது விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும். மே மாதம் திறப்பார்கள், ஜூன் வாக்கில் அனுப்பலாம், நிறைய இடங்களில் விண்ணப்பம் வர வரப் பார்த்து நேர்காணலுக்குக் கூப்பிட்டுக்கொண்டே போவதால் தள்ளிப்போடுவதும் நல்லதல்ல. அதனால் நேராகப் போகிறவர்கள் காட்ட முடிவது மூன்று வருஷ மதிப்பெண்தான். ஒரு வருஷம் தள்ளிப் போகிறவர்களுக்கு நான்காம் ஆண்டு முழுவதும் சேர்ந்துவிடும். நானோ கேப் இயரில் நிறைய வேலை செய்து விண்ணப்பத்தைப் பலமாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த வருஷம் தொடங்கும்போதே விண்ணப்பம் போய்விடுகிறது! அதற்கு மேல் செய்வதெல்லாம் நேர்காணலில் பேசுவதற்கு உதவும், சில பள்ளிகளுக்குப் புதுத் தகவலாக எழுதி அனுப்பலாம், அவ்வளவுதான். உண்மையில் எனக்குக் கிடைக்கப்போவது கல்லூரிக்குள்ளேயே இன்னொரு வருஷம் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாதக் குழப்பம் இருந்திருக்காது.

கல்லூரி ஆலோசகர், இந்த வருஷம் சும்மா போட்டுப் பார், கிடைக்கவில்லை என்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் தனிக் கட்டணம், பல இடங்களில் அதற்கு மேலும் துணை விண்ணப்பக் கட்டணம். மறுபடி விண்ணப்பிக்கும்போது போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியது என்று கேட்பார்கள். கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகு மிஞ்சும் மூன்று மாதத்தில் என்ன மாறிவிடும்?

வீட்டில் அப்பாவுக்குக் கவலை கடனைப் பற்றி. அவர் கேட்டது நியாயமான கேள்வி. கல்லூரிக்கு வாங்கிய மத்திய அரசுக் கடனுக்குப் படிப்பு முடிந்து 6 மாதம் அவகாசம் உண்டு, அது ஒரு கடனுக்கு ஒரு தடவைதான். கேப் இயரில் அது தீர்ந்துபோகும், பாக்கி மாதங்களுக்குத் தவணை கட்ட வேண்டும், மறுபடி படிக்கச் சேர்ந்தால் தவணை நிற்கும், ஆனால் டென்டல் ஸ்கூல் முடித்ததும் அந்தப் பழைய கடனுக்கு அவகாசம் கிடையாது. இருவரும் உட்கார்ந்து மாதக் கணக்குப் போட்டோம். சம்பளத்தில் சமாளிக்கலாம் என்று தெரிந்தது. மருத்துவக் காப்பீடு 26 வயது வரை பெற்றோர் காப்பீட்டிலேயே தொடரலாம் என்பதால் அந்தச் செலவும் இல்லை. "படிப்பு விட்டுப்போயிடாதா?" என்று அம்மா கேட்டதற்கு மட்டும் என்னிடம் அப்போது பதில் இல்லை.

சரி, தள்ளிப்போடுவது என்று முடிவானதும் முதலில் மாறியது டிஏடி. வகுப்புகளுக்கு நடுவே அவசரமாகப் படிப்பதை விட்டுவிட்டு, அந்தக் கோடையில் பத்து வாரம் அதற்கென்றே ஒதுக்கினேன். என்னைப் படுத்தியது அதில் வடிவங்களை மனதில் கற்பனை செய்து பார்க்கும் திறனைச் சோதிக்கும் பிஏடி பகுதி. 60 நிமிடத்தில் 90 கேள்விகள், கோணங்களை வரிசைப்படுத்துவது, மடித்த தாளில் போட்ட துளை விரித்தால் எங்கே வரும் என்று கண்டுபிடிப்பது, இப்படி. முதலில் ஒன்றுமே புரியாது, தினமும் அரை மணி நேரம் போட்டால் கண் பழகிவிடுகிறது. நான் எழுதியபோது மதிப்பெண் 30 வரை இருந்தது, 2025 மார்ச்சிலிருந்து 200 முதல் 600 வரை என்று மாற்றிவிட்டார்கள், பழைய குறிப்புகளைப் படிக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஆர்கானிக்கை நான் திரும்ப எடுக்கவில்லை. ஆட்சாஸ் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கணக்கில் பழைய மதிப்பெண், புதியது இரண்டையுமே சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் பதில் நான்காம் ஆண்டில் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பிசியாலஜி எடுத்தேன், மூன்றுமே நன்றாக வந்தன. பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதத்தைக் கல்லூரியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிட்டேன். இதில் மட்டும் தாமதிக்காதீர்கள், அடுத்த செமஸ்டரிலேயே புது முகங்கள் வந்துவிடும்.

ஜூன் முதல் வாரத்தில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தேன். வாயில் சேரும் நீரை உறிஞ்சும் சக்‌ஷன் குழாயைப் பிடிப்பது, பல்லை அச்செடுக்க ஆல்ஜினேட் மாவு கலக்குவது, கருவிகளைக் கழுவிப் பையில் போட்டுக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்றுவது. ஆல்ஜினேட் கையிலேயே இறுகிப்போய் முதல் வாரம் எத்தனை வீணாக்கினேனோ, தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலே சீக்கிரம் இறுகிவிடும் என்று அப்புறம்தான் புரிந்தது. ஒரு பெரியவர் நாற்காலியின் கைப்பிடியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, "இடது கையைத் தூக்குங்க, அந்த நொடியே நிறுத்திடறேன்" என்றார். அவர் இரண்டு தடவை தூக்கினார், டாக்டர் இரண்டு தடவையும் நிறுத்தினார். மூன்றாவது தடவை அவர் தூக்கவில்லை. 34 மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தபோது இதெல்லாம் என் கண்ணில் பட்டதே இல்லை. அம்மாவின் கேள்விக்கும் அங்கேதான் பதில் கிடைத்தது, படிப்பு விட்டுப்போகவில்லை, படிக்க வேண்டும் என்ற பசி இன்னும் கூடியிருந்தது.

என் தோழி ஒருத்தி நேராகத்தான் போனாள். மூன்றாம் ஆண்டு முடியும் முன்பே அவளிடம் எல்லாம் தயாராக இருந்தது, அவள் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. நீங்களும் அந்தத் தாளை எழுதிப் பாருங்கள், அவளுடையதைப் போல இருந்தால் போய்விடுங்கள்.

டிசம்பரில் இடம் கிடைத்ததாக முதல் அழைப்பு வந்தபோது நான் வேலையில் இருந்தேன். ஒரு நோயாளிக்கு அச்செடுத்துக்கொண்டிருந்தோம், ட்ரே வாயில் இருக்கிறது, இறுகும்வரை நகர முடியாது. அதை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, பின்பக்க அறைக்குப் போய் அப்பாவுக்குப் போன் செய்தேன்.