லெனின்கிராட்டில் ஒரு ரீல் பாட்டுக்காகப் பட்ட பாடு

அந்தப் பெட்டியின் மேல் உண்மைப் பெயரை நான் எழுதியிருக்கக் கூடாது. நாற்பது வருடம் ஆகியும் இது ஆறவில்லை.

1983இல் பதினெட்டு வயதில் ஸ்காலர்ஷிப் கிடைத்து சோவியத் யூனியனின் லெனின்கிராட்டுக்கு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) போனேன். விசா, மருத்துவச் சான்றிதழ், முதல் வருட ரஷ்ய மொழி வகுப்பு எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தன. அடுத்த இலையுதிர்காலத்தில்தான் கினோ என்ற ராக் குழுவின் பாடகர் விக்தர் சோயின் குரலை முதல்முறை கேட்டேன். என் ரஷ்ய அறைத்தோழன் யாரிடமோ ஒரு இரவுக்கு வாங்கி வந்திருந்த ஒலிநாடா ரீல் அது. கினோ குழுவின் புது ஆல்பம், ‘கம்சாத்காவின் தலைவன்’. காலையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். எனக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது.

இசைத்தட்டுக் கடையில் கிடைக்காது. நாட்டில் இசைத்தட்டு வெளியிட இருந்தது மெலோதியா என்ற ஒரே அரசு நிறுவனம், அது இந்தக் குழுக்களை வெளியிடவில்லை. ரூபின்ஷ்தெயின் தெரு 13ஆம் எண்ணில் 1981 முதல் ராக் கிளப் இருந்தது, உண்மைதான். ஆனால் மேடையில் பாடும் வரிகளை அங்கேயும் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். இந்த ஆல்பத்தைப் பதிவு செய்த அந்த்ரேய் த்ரோப்பில்லோ, இளம் தொழில்நுட்பர் இல்லத்தில் பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு கற்றுக்கொடுப்பவர். அந்தக் கருவிகளை வைத்துத்தான் இந்தக் குழுக்களைப் பதிவு செய்தார். அங்கிருந்து ஒரு ரீல் இன்னொரு ரீலாகி, அது பத்தாகி ஊர் முழுக்கப் போகும். இப்படிக் கைமாறிப் பிரதியெடுப்பதற்கு மக்னிதிஸ்தாத் என்று பெயர்.

முதலில் வெற்று டேப். மூன்று கடை ஏறி இறங்கி, நான்காவதில் ஸ்வேமா என்ற சோவியத் கம்பெனியின் ரீல் ஒன்று கிடைத்தது: 525 மீட்டர், நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஒரு பக்கம் முக்கால் மணி நேரம். ஸ்வேமாவில் ஒரு தொல்லை உண்டு. பழுப்புத் தூள் உதிர்ந்து, டேப் ரெக்கார்டரில் ஒலியைப் பதியும் ஹெட்டை அடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தே ஆக வேண்டும். இதைச் செய்யாமல் பாழாக்கியவர்களை நிறையப் பார்த்தேன்.

நம் ஊர் கேசட் கடைபோல அங்கேயும் அரசின் சிறு ஒலிப்பதிவுக் கடைகள் இருந்தன. தெரிந்தவர் மூலம் போனால் பட்டியலில் இல்லாததையும் பதிந்து தருவார்கள் என்று கேள்வி. நான் யார் துணையும் இல்லாமல் நேராகப் போய்ப் பெயரைச் சொன்னேன். அந்த அம்மா என்னையும் ரீலையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படி ஒரு குழுவே கிடையாது” என்று சொல்லி ஜன்னலை மூடிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எந்தக் குழுவின் பாட்டைப் போடக் கூடாது என்ற தடைப் பட்டியல்கள் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. உக்ரைனின் நிக்கொலாயெவ் பகுதியில் கொம்சொமோல் (கம்யூனிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பு) 1985 ஜனவரியில் அனுப்பிய பட்டியல் பிறகு வெளியே வந்தது. அதில் ஹூலியோ இக்லேசியாஸின் பெயருக்கு எதிரே ‘நவ பாசிசம்’ என்று இருக்கிறது! காதல் பாட்டு பாடியவர் அவர்.

கடைசியில் அறைத்தோழனே வழி செய்தான். வசீலியெவ்ஸ்கி தீவில் ஒருவரிடம் ரீல் இருந்தது, ஆனால் வீட்டை விட்டு வெளியே தர மாட்டார். நாங்கள்தான் எங்கள் மாயக் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பத்துக் கிலோவுக்குக் குறையாது. டிராமில் மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், ஒயரின் முனை அவர் கருவியில் பொருந்தவில்லை. அவருடையது மூன்று பின், எங்களுடையது ஐந்து. யாரிடமாவது கேட்டு வாங்கலாம் என்று அந்தக் கட்டடத்தில் கதவு கதவாகத் தட்டியே நள்ளிரவு தாண்டிவிட்டது. வெறுங்கையோடு திரும்பினால் நேவா நதியின் பாலத்தைக் கப்பல்களுக்காகத் தூக்கிவிட்டார்கள். அக்டோபர் குளிரில் ஏறக்குறைய ஐந்து மணி வரை கரையில் உட்கார்ந்திருந்தோம். மெஷின் நனையக் கூடாது என்று அவன் தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தினான்.

அடுத்த வாரம் சரியான ஒயரோடு போனோம், பதிந்துவிட்டோம். மூன்றாவது பாட்டின் நடுவில் அந்தக் கட்டடத்து லிஃப்ட் கிளம்பியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம் ரீலில் ஏறிவிட்டது. பரவாயில்லை, அது என்னுடைய ரீல்!

“பெட்டிமேல் ‘உச்சரிப்புப் பயிற்சி 4’ என்று எழுது” என்றான் அவன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு பாடுபட்டு வாங்கியதற்குப் பொய்ப் பெயரா என்று நினைத்தேன். குழுவின் பெயர், ஆல்பத்தின் பெயர், 1984 எல்லாவற்றையும் அழகாக எழுதினேன்.

பிப்ரவரியில் அறைச் சோதனை வந்தது. ஹாஸ்டல் வார்டன் பெட்டியைப் படித்துப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார். திருப்பித் தரவேயில்லை. வெளிநாட்டுக்காரன் என்பதால் எனக்கு அதோடு முடிந்தது. அவனைத்தான் கொம்சொமோல் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள், வேறு மாடிக்கு மாற்றினார்கள். ரீல் என்னுடையது என்று நான் போய்ச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. அவன் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பிரதி வாங்கியவர், வெற்று ரீலோடு வந்து கேட்கும் அடுத்தவருக்கு மறுக்காமல் கொடுக்க வேண்டும். டிசம்பரில் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி வந்து கேட்டாள், பதிந்து கொடுத்திருந்தேன். அது எனக்கு மறந்தே போயிருந்தது. விஷயம் கேள்விப்பட்டு, மார்ச்சில் அவளே தன் ரீலைக் கொண்டுவந்தாள். பிரதியின் பிரதி, கொஞ்சம் மங்கல்தான்.

புதுப் பிரதியை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி அவன் அறைக்குப் போனேன். பேசாமல் கேட்டோம். மூன்றாவது பாட்டின் நடுவில் லிஃப்ட் ‘டக்’ என்றது. அவன் சிரித்தான். அப்புறம் பேனாவை எடுத்து, பெட்டிமேல் அவனே எழுதினான்: ‘உச்சரிப்புப் பயிற்சி 4’.